7. லீவு விட்டாச்சு, அம்மாவுக்கு?

பள்ளிக்கு லீவு விட்டால் பிள்ளைகளுக்கு டைம்டேபிள் இல்லை. ஆபீசுக்கு லீவு விட்டால் வீட்டு ஆண்கள் லுங்கியோடு பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு மட்டும் அன்றைக்குத்தான் அடுப்படி நீளுகிறது.

வேலை நாளைப் பாருங்கள். காலை ஏழரைக்குள் இட்லியை எடுத்து, எலுமிச்சை சாதத்தையோ தக்காளி சாதத்தையோ டப்பாவில் அடைத்துவிட்டால் சாயங்காலம் வரை அடுப்புக்கு ஓய்வு. லீவு நாளில் ஒருவர் எட்டு மணிக்கு எழுந்திருக்கிறார், இன்னொருவர் பத்தரைக்கு. தோசைக்கல் காலை முழுக்க ஆறுவதில்லை. பதினோரு மணிக்கு, “அம்மா, சாப்பிட ஏதாச்சும் இருக்கா?” டப்பா சாதம் வீட்டில் செல்லாது, மதியத்துக்குக் குழம்பு, ரசம், பொரியல், கூடவே அப்பளம். நாலு மணிக்கு வெங்காய பஜ்ஜி. அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கும் முன்னே, ராத்திரிக்குச் சப்பாத்தியா தோசையா என்று கேள்வி வந்துவிடும். பண்டிகை லீவென்றால், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் அதே பண்டிகைதான். அவரும் ஊருக்குப் போயிருப்பார். போகட்டும், அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் ஒருவர் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார் என்று தெரிந்தது. ஆணுக்கு 97 நிமிடம். அதுவும் அன்றைய தினம் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களை மட்டும் சேர்த்து எடுத்த சராசரி. அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்து வருடத்தில் இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆகியிருக்கிறது. இது இந்தியா முழுமைக்குமான கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். லீவில் ஓய்வு தானாக வராது. எந்த வேலை இந்த முறை நடக்காது, எந்த வேலை வேறொருவர் பொறுப்பு என்று லீவுக்கு முன்பே வீட்டில் பேசி முடித்த பெண்ணுக்குத்தான் அது கிடைக்கிறது. லீவு தொடங்கிய பிறகு பேசினால் சண்டையில் முடியும்.

முந்தின வாரம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார் என் தோழி. தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாள் அந்த ஊரில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. ஏற்றுமதிச் சரக்கு கன்டெய்னர் ஏற வேண்டும். அதற்கு நடுவில் போனஸ் கணக்கு முடிய வேண்டும். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம்; ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருகைப் பதிவு, முன்பணம், பிடித்தம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பட்டுவாடா ஆனதும் வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறுவார்கள், ஊர் அடங்கிவிடும். தோழி அந்த ராத்திரி வீட்டுக்கு வந்து, கைப்பையை மாட்டிவிட்டு, மாவு சலிக்க உட்காருவார். பல வருடம் தீபாவளிக்கு மறுநாள் அவருக்குக் காய்ச்சல். வீட்டில் அதற்கு ‘எண்ணெய்க் காற்று’ என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவர் மாற்றிக்கொண்ட முதல் விஷயம், லீவின் முதல் நாளை வெறும் நாளாக விட்டது. அன்றைக்கு ஒட்டடை இல்லை, கடைவீதி இல்லை, விருந்தாளி இல்லை. மதியம் பருப்பு சாதம், அப்பளம். அவ்வளவுதான். முதல் நாளை இப்படி விட்டால் பண்டிகை நின்றுவிடுமோ என்று பயம் வரும். நிற்காது. பண்டிகைக்கு வேண்டிய துணிமணியை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதையும் அப்போதே முடியுங்கள், கடைசி வாரத்தில் எந்தத் தையல்கடையும் புதுத் துணி வாங்காது. வீடு சுத்தம் செய்வதைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கடுமையானது: பரண் மேல் இருப்பதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கூடம், சமையலறை, பூஜை அலமாரி. இந்த மூன்றும் போதும்.

ஆபீசில் சொல்லிவிட்டுப் போகும் விதமும் முக்கியம். ‘அவசரம்னா கூப்பிடுங்க’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போனால் எல்லாமே அவசரமாகிவிடும். அதற்குப் பதில், வாட்ஸ்அப் குரூப்பில் இப்படிப் போடுங்கள்: ‘வெள்ளி மாலையிலிருந்து புதன் வரை லீவு. பில் சம்பந்தமாக இன்னாரைக் கேளுங்கள்; பேங்க் வேலைக்கு இன்னார். வியாழன் காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் பார்த்துப் பதில் சொல்கிறேன்.’ பெயர் குறிப்பிட்டு, திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள். அந்த இன்னாருக்கு லீவு வரும்போது நீங்கள் அவர் வேலையைப் பாருங்கள்.

உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1958-ல் வந்த தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி, தொழில் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், அதற்கு மேல் பண்டிகைகளுக்காக ஐந்து நாளும் சம்பளத்தோடு லீவு உண்டு. அந்த நாளில் வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு மாற்று நாள் ஒன்றைச் சம்பள லீவாகத் தர வேண்டும். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்குத் தீபாவளிக்கு முந்தின இரவு பத்து மணி வரை வேலை இருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது, மாற்று நாளைக் கேட்டு வாங்குங்கள், பணமாக வாங்கிவிடாதீர்கள் என்பதுதான், வீட்டில் காசு முட்டுப்படாத வரைக்கும். கூட்டம் ஓய்ந்த அடுத்த வாரத்தில் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பிள்ளைகளுக்காக எடுத்துவைத்த மத்தாப்பைக் கொளுத்துங்கள். பிள்ளைகள் தேதி பார்ப்பதில்லை.

ஐந்து வகை பட்சணமும் அத்தையும்

பண்டிகை லீவில் அதிக நேரத்தை விழுங்குவது எண்ணெய்ச் சட்டி. அதிரசம், முறுக்கு, ரிப்பன் பக்கோடா, மைசூர்பாகு, லட்டு என்று ஐந்து வகை செய்த காலம் இருந்தது. அப்போது வீட்டில் நான்கு பெண்கள் இருந்தார்கள், யாருக்கும் மறுநாள் காலை எட்டேகால் பஸ் இல்லை. அதே ஐந்து வகையை இன்று ஒரே பெண், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல் செய்வதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்றை வீட்டில் செய்யுங்கள். எது என்பதில் யோசனை வேண்டும். அதிரசம் வேண்டாம்: பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி ஈரப்பதத்தோடு இடிக்க வேண்டும், வெல்லப்பாகின் பதம் நொடியில் தப்பிவிடும், மாவு இரண்டு மூன்று நாள் ஊற வேண்டும், அப்புறமும் எண்ணெயில் பிரிந்து போகலாம். அதை நன்றாகச் செய்யத் தெரிந்த சுய உதவிக் குழுப் பெண்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், அவர்களிடம் வாங்குங்கள். இனிப்புக்கு ஆவின் இருக்கிறது. வீட்டில் செய்வதற்கு என் தேர்வு தேன்குழல்.

காரணம், தேன்குழலில் எல்லாருக்கும் வேலை உண்டு. நாலு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு, சீரகம், உப்பு, பெருங்காயத் தண்ணீர், கொஞ்சம் வெண்ணெய். வெண்ணெய் கூடினால் எண்ணெயில் கரைந்து போகும். அதை அளப்பது வீட்டில் மூத்தவர் வேலையாக இருக்கட்டும். அச்சில் மாவை அடைப்பது ஒரு பிள்ளைக்கு. ஜல்லிக்கரண்டியின் முதுகில் எண்ணெய் தடவி அதன்மேல் வட்டமாகப் பிழிவது இன்னொரு பிள்ளைக்கு. முதல் நாலு வட்டம் கோணலாக வரும், நடுவில் அறுந்து போகும். அப்படியே போடலாம், ருசி ஒன்றுதான். கரண்டியை வாங்கிச் சட்டியில் சாய்ப்பது பெரியவர்கள் மட்டும். ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும், அதுதான் எண்ணெயின் பதம். எண்ணெயின் சத்தம் அடங்கும்போது தேன்குழலை எடுக்க வேண்டும். இதை ஒரு பிள்ளை காதால் கற்றுக்கொள்கிற மாதிரி எந்த வகுப்பிலும் கற்றுக்கொள்ள முடியாது. ஆறியதை டின்னில் போட்டு மூடியதும் அடுப்படியை மூடுங்கள்.

இனி அத்தை. மாமியாரிடம் பேசுவதைப் பலர் தள்ளிப்போட்டு, மளிகை லிஸ்ட் எழுதும் அன்றைக்கு வெடிக்கிறார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, டிவி அணைந்த நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். என் தோழி வீட்டில் நடந்தது இது.

“ஏங் கண்ணு, வருசா வருசம் அஞ்சு வகை போடுவமே, இந்த வருசம் ஒண்ணே ஒண்ணுதானா? சம்பந்தி வூட்டுக்கு எதைக் குடுத்து உடறது?”

“தேன்கொழல் உங்க கைப்பக்குவத்துல நம்ம வூட்டுலயே போட்றலாங்க அத்தை. மத்ததை வாங்கிக்கலாம். அவங்களுக்கும் பாதி வூட்டுது, பாதி வாங்குனது வெச்சுக் குடுத்துக்கலாங்க. எனக்கு இந்த நாலு நாளு கொஞ்சம் உக்காரோணும் அத்தை, ஒடம்பு முடியறதில்ல.”

அத்தை உடனே சரி சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, ‘பெருங்காயம் கட்டியாப் பாத்து வாங்கியா’ என்றார். அதுதான் சம்மதம். கவனியுங்கள், அவர் பெருமையாக நினைக்கும் பலகாரத்தைத் தோழி விட்டுவிடவில்லை, அதைத்தான் வைத்துக்கொண்டார். உடம்பு முடியவில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னதும் சரி. மாமியாரும் ஒரு காலத்தில் அதே சட்டி முன்னால் உட்கார்ந்தவர்தான்.

வேலையை முழுசாகக் கொடுங்கள்

‘ஏதாவது செய்யணும்னா சொல்லு’ என்று சொல்லும் கணவர்கள் நிறைய பேர். நல்ல மனசுதான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதும், சரியான நேரத்தில் சொல்வதும், செய்தாயிற்றா என்று பார்ப்பதும் அப்போதும் மனைவி தலையில்தான். ஆகவே வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். லீவு முடியும் வரை காலை டிபன் அவருடையது என்றால், மாவு தீரப்போகிறது என்று கவனிப்பதிலிருந்து தோசைக்கல்லைக் கழுவி மாட்டுவது வரை அவருடையது.

நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஊறும் நேரம், கிரைண்டரில் உளுந்து முதலில் என்பதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மார்கழியில் மாவு பொங்க நேரமாகும், கோடையில் விடிவதற்குள் புளித்துவிடும் என்பதையும் எழுதுங்கள். டப்பாக்களில் பெயர் ஒட்டுங்கள். பிறகு சமையலறைக்குள் போகாதீர்கள். கடினமான பகுதி இதுதான்.

“ஏம்மா, பொட்டுக்கடலை எங்க வெச்சிருக்கறே?”

“ரெண்டாவது தட்டுல பாருங்க.”

“இல்லியே.”

இந்த இடத்தில் எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டால் நாளைக்கும் அதே குரல் வரும். உட்கார்ந்தே இருங்கள். இரண்டாவது தட்டில், கடுகு டப்பாவுக்குப் பின்னால், அவரே கண்டுபிடிப்பார். சட்னியில் உப்பு கூடலாம். மாவு புளித்துவிட்டால் வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம் ஊற்றச் சொல்லுங்கள். அதைக் குறை சொல்லாமல் சாப்பிட வேண்டியது உங்கள் பங்கு. ‘நானே செஞ்சிருக்கலாம்’ என்ற வார்த்தை வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். அதைக் கேட்ட மனிதர் மறுபடி கரண்டியை எடுக்க மாட்டார்.

பிள்ளைகளுக்கும் அப்படித்தான். எட்டு வயதுப் பிள்ளை காய்ந்த துணியை எடுத்து மடிக்கலாம். பன்னிரண்டு வயதில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, அரிசி களைந்து குக்கர் வைக்கலாம். இதில் பையன், பொண்ணு என்று பிரிக்காதீர்கள். லீவில் தங்கை தட்டெடுத்து வைக்க, அண்ணன் கேரம் போர்டை விட்டு எழாத வீட்டில், இருபது வருடம் கழித்து அந்தக் கணக்கெடுப்பில் ஆணின் 88 நிமிடம் 88-ஆகவே இருக்கும்.

மே மாதம்

பண்டிகை லீவு நாலைந்து நாள். கோடை லீவு ஒரு மாதத்துக்கு மேல், அதில் அம்மாவுக்கு லீவே கிடையாது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு வருடத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். அதில் பாதி ஏற்கெனவே காய்ச்சலுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகப் போயிருக்கும். ஆலையில் வேலை என்றால் சட்டப்படி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள லீவு, அதுவும் வருடத்தில் குறிப்பிட்ட நாட்களாவது வேலை பார்த்திருந்தால். பிள்ளைகளின் லீவையும் நம் லீவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எட்டவே எட்டாது. இதில் உங்கள் குறை ஒன்றுமில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் சம்மர் கேம்ப் விளம்பரங்கள் வருகின்றன. அபாகஸ், கீபோர்டு, நீச்சல். சேர்ப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: பன்னிரண்டு மணிக்கு முடிந்ததும் யார் போய்க் கூட்டிவருவது? அதற்காக நீங்கள் ஆபீசில் பெர்மிஷன் போட வேண்டியிருந்தால் அந்த வகுப்பு வேண்டாம். பிள்ளை நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் ஒன்று இருந்தால் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

‘போரடிக்குதும்மா’ என்று ஆபீசுக்குப் போன் வரும். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கைக்கெட்டும் உயரத்தில் தாயக்கட்டை, சோழி, பல்லாங்குழிப் பலகை, சாக்பீஸ், நூல்கண்டு, பழைய பேப்பர் கட்டு இருக்கட்டும். பல்லாங்குழிக்குப் பலகையே வேண்டியதில்லை, தரையில் 14 வட்டம் போட்டுப் புளியங்கொட்டை வைத்தால் போதும். சும்மா இருக்கும் பிள்ளை அரை மணி நேரத்தில் தானே ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். போன் கையில் இருந்தால் கண்டுபிடிக்காது, ஆகவே போனுக்கு நேரம் வையுங்கள். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி 28 வரை போகும். அந்த நாட்களில் மதியம் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை ஜன்னல் திரையை இழுத்துவிட்டு எல்லாரும் படுக்க வேண்டும் அல்லது படிக்க வேண்டும் என்பதை வீட்டு வழக்கமாக்குங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அது உங்களுக்கும் உண்டு.

பாட்டி வீட்டுக்கு அனுப்புவது நல்ல வழி. ஆனால் பாட்டியிடம் கேட்டு அனுப்புங்கள். “எத்தனை நாளுன்னாலும் இருக்கட்டும்” என்றுதான் எந்தப் பாட்டியும் சொல்வார். அவருடைய முழங்காலைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள். பத்து நாள் இந்தப் பாட்டி, பத்து நாள் அந்தப் பாட்டி, பாத்திரம் துலக்க அந்த நாட்களுக்கு மட்டும் ஓர் ஆள், அதற்கான காசு உங்களிடமிருந்து. நம் வேலையை இன்னொரு பெண்ணின் முதுகில் இறக்கிவிட்டு ஓய்வெடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

லீவு இல்லாத அம்மா மே மாதத்தில் வேகத்தைக் குறைக்க ஓர் இடம் உண்டு, அது ராத்திரி. வேலை விட்டு வந்ததும் நேராக அடுப்புக்குப் போகாமல், கால் கழுவி, மோர் குடித்து, ஒரு இருபது நிமிடம் உட்காருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது மொட்டை மாடியில் சாப்பாடு வையுங்கள். அகலமான சட்டி ஒன்றில் மிச்சமிருக்கும் வத்தக்குழம்பை விட்டுச் சாதத்தைப் பிசைந்து, நல்லெண்ணெய் ஊற்றி, சுட்ட அப்பளத்தோடு மேலே கொண்டுபோங்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டட்டும். ஒவ்வொரு உருண்டையிலும் கட்டைவிரலால் ஒரு குழி, அதில் துளி குழம்பு. தட்டு இல்லை, டம்ளர் ஒன்று, கழுவ ஒரே சட்டி. டேபிளில் வாயே திறக்காத பத்தாம் வகுப்புப் பையன் மாடியில் பேசுவான்.

ஒரு நாள் வெளியே போக வேண்டுமென்றால் நூலகம். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் குழந்தைகளுக்கென்று பெரிய பிரிவு இருக்கிறது. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. பிள்ளைகளை அந்தப் பிரிவில் விட்டதும் உங்களுக்கென்று ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஊருக்குப் போவது

சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கலுக்கென்றால் நவம்பர் நடுவிலேயே காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும், அந்த வேலையைக் கணவருக்கோ கல்லூரி படிக்கும் மகளுக்கோ கொடுங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். 2025-ல் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நாளொன்றுக்கு நீலகிரிக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என்று அளவும் வந்தது. அவ்வளவு வண்டிகளோடு மலையேறி நெரிசலில் நிற்பதைவிட, ஜூலை மாதத்துச் சனி ஞாயிறு ஒன்று மேல். எங்கே போனாலும் லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். ஒரு நாள் துணி துவைக்க. இன்னொரு நாள் உங்களுக்கு.

அம்மா வீடு

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லீவு முழுக்கக் கணவர் வீட்டில் இருந்துவிட்டு, பஸ் ஏறும் வழியில் அரை நாள் அம்மா வீட்டில் எட்டிப்பார்த்துவிட்டு வருவது பல குடும்பங்களில் எழுதாத சட்டம். மாமியார் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும், அந்த வீட்டில் காலை ஏழு மணிக்கு மேல் மருமகள் படுத்திருக்க முடியாது. அம்மா வீட்டில் படுத்திருக்கலாம். அப்பா டீ வாங்கிவந்து எழுப்புவார்.

போகி, தைப்பொங்கல் இங்கே என்றால் மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல் அங்கே. அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு ராத்திரி தங்குவது என்று டிக்கெட் எடுக்கும்போதே முடிவாகட்டும். அதில் ஒரு நாளாவது பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் தனியாகப் போங்கள். பிள்ளைகளோடு போகிற மகள் அங்கேயும் அம்மாவாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது. அம்மா இல்லாதவர்களுக்கு அக்கா வீடு, சித்தி வீடு, கூடப் படித்தவள் வீடு. பெயர் எதுவானாலும், ‘நீ உக்காரு’ என்று சொல்லும் ஒரு வீடு.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு வேலையை மாற்றிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை. அவர்கள் தங்களைப் போன்ற இன்னொரு அம்மாவோடு நாளை மாற்றிக்கொள்ளலாம்: செவ்வாய் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் உன்னிடம், புதன் என்னிடம். காலையிலிருந்து ராத்திரி சாப்பாடு வரை முழு நாளாக இருக்க வேண்டும், இரண்டு மணி நேரம் போதாது. சமையலும் அன்றைக்கு ஒரே வீட்டில்தான்.

பள்ளி திறக்கும் நாள்

உங்கள் லீவுகளில் ஒன்றைக் கண்டிப்பாக மிச்சம் பிடியுங்கள், பள்ளி திறக்கும் அன்றைக்கு. பண்டிகை லீவோ கோடை லீவோ, வீட்டில் எல்லாரும் வெளியே கிளம்பியபின் வீடு காலியாவது அன்றுதான். பலர் அந்த நாளில் பேங்க், இ-சேவை மையம், கேஸ் புத்தகம், ஸ்கேன் எடுப்பது என்று ஆறு வேலையைச் சேர்த்துவைக்கிறார்கள். அவற்றுக்கு வேறொரு நாளில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போடுங்கள். லீவு போட்டிருப்பது வீட்டில் தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம், அது உங்கள் விருப்பம். காலை டப்பாவில் உங்களுக்கும் சேர்த்து ஒன்று கட்டிவிடுங்கள், மதியம் அடுப்பு பற்றவைக்க வேண்டியிருக்காது. போனைச் சத்தமில்லாமல் போட்டு, பள்ளியின் நம்பருக்கு மட்டும் மணியடிக்கிற மாதிரி வையுங்கள். பிள்ளைகள் திரும்ப மூன்றரை ஆகும். அலாரத்தை மூன்றே காலுக்கு வைத்துவிட்டுப் படுங்கள்.